சிங்கர் 99கே கை மெஷின்: பொறுத்திருந்து வாங்கி, இரண்டு ஆண்டுகள் தைத்த பிறகு

ஏறத்தாழ எழுபது வயதான ஒரு தையல் மெஷினைப் பற்றிய மதிப்புரை இது. மாடல் சிங்கர் 99கே. மோட்டாரும் கால்மிதியும் இல்லாமல், வலப்பக்கச் சக்கரத்தோடு பொருத்திய கைப்பிடியைச் சுற்றித் தைக்கும் வகை; பேச்சுவழக்கில் கை மெஷின் என்போமே, அதுதான். ஏழு மாதங்கள் தேடி, கண்ணில் பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட விளம்பரங்களை ஒவ்வொரு காரணத்துக்காகத் தள்ளிவிட்டு, கடைசியில் இதை வாங்கினேன். வாங்கிய நாள்முதல் இரண்டு ஆண்டுகளாக வீட்டுத் தையல் அனைத்தும் இதில்தான் நடக்கிறது. நேர்தையல் மட்டும் போதும் என்பவருக்கு இதைவிட நம்பகமான மெஷின் ஒன்றை நான் தொட்டதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் புதிய பொருளை மதிப்பிடுவதுபோல மெஷினைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிட முடியாது. புதிய பொருள் பெட்டிக்குப் பெட்டி ஒன்றுபோல இருக்கும். பழைய பொருளோ, ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் பிறந்த இரண்டில் ஒன்று உலர்ந்த அலமாரியிலும் மற்றொன்று ஈரம் கசியும் கொட்டகையிலும் வளர்ந்திருந்தால், இரண்டும் வேறு வேறு பொருள்களாகிவிடுகின்றன. எனவே எந்த மாடல் என்பது எவ்வளவு முக்கியமோ, அதை எப்படித் தேடினோம், எதற்காகக் காத்திருந்தோம் என்பதும் அவ்வளவு முக்கியம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நான் அவசரப்பட்ட கதை. ஒரு பழைய மெஷின் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்த வாரமே ஒன்றை வாங்கிவிட்டேன். நூற்றாண்டைக் கடந்தது, கறுப்பு உடலில் பொன்னிற வேலைப்பாடு, படத்தில் பார்த்ததும் மனம் போய்விட்டது. விற்றவர் “நன்றாகத் தைக்கும்” என்று எழுதியிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து அடிப்பலகையைத் திறந்தபோதுதான், கீழ் நூலைக் கொண்டுசெல்லும் ஷட்டில் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைக் கண்டேன். அதைவிடப் பெரிய இடி, அந்த வகைக்கு உரிய உருண்டைத் தண்டு ஊசியைப் பெருமளவில் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்பது. பழைய கையிருப்பில் எங்காவது ஒன்றிரண்டு கிடைத்தாலும், ஓர் ஊசியின் விலையில் இன்றைய ஊசிகள் பல பொட்டலங்கள் வாங்கலாம். சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது, தையல் மட்டும் விழவில்லை. விற்றவரிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பல மாதங்கள் மேசைமேல் அழகாக உட்கார்ந்திருந்த அதை, குறைகள் அனைத்தையும் எழுதி, அலங்காரப் பொருளாக வைக்க விரும்பிய ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றினேன். மெஷினைப் பார்த்துவிட்டு ஊசியைத் தேடக் கூடாது. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் ஊசியை ஏற்கும் மெஷின்கள் எவை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுத் தையலுக்கு இப்போது விற்கும் ஊசி, தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் 15x1 என்ற வகையைச் சேர்ந்தது. சிங்கரின் 15, 66, 99, 201 ஆகிய பழைய மாடல்கள் அனைத்தும் இதே ஊசியில் ஓடுகின்றன. அதேபோல 99-க்கு வேண்டிய பாபின், அதாவது கீழ் நூலைச் சுற்றி வைக்கும் சிறு உருளை, 66 வகை எனப்படும், பக்கங்கள் சற்றே புடைத்த உலோக பாபின். அதையும் இன்றுவரை செய்து விற்கிறார்கள். ஊசியும் பாபினும் கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் இரும்பும் எண்ணெயும்தான். இந்த ஒரு தகவல் மட்டுமே என் தேடலில் பாதி விளம்பரங்களைக் கழித்துவிட்டது.

ஏன் 99 என்பதற்கும் காரணம் உண்டு. 66 என்ற முழு அளவு மெஷினை முக்கால் அளவுக்குச் சுருக்கி 1911-இல் வெளியிட்ட மாடல் இது. பாபினை மேலிருந்தபடியே போட்டு எடுக்கலாம். கீழ் நூல் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாபினை மூடியிருக்கும் நழுவுத் தகட்டை விலக்கிப் பார்த்துவிடலாம். பின்னால் வந்தவற்றில் நூல் இறுக்கத்தைக் காட்டும் எண் வளையமும், தையல் நீளத்தை மாற்றும் நெம்புகோலும், அதே நெம்புகோலை மேலே தூக்கினால் பின்னோக்கித் தைக்கும் பின்தையலும் உண்டு. எனக்குப் பின்தையல் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். விளம்பரத்துக்கு வரும் 99 மெஷின்களில் பல, அந்த வசதி வருவதற்கு முற்பட்டவை. ஏழு மாதம் ஆனதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

பழைய பொருள் சந்தையில் பொறுமையைக் கெடுக்கும் சொல் ஒன்று உண்டென்றால் அது “அபூர்வம்”. இந்த மெஷின்கள் அபூர்வமானவை அல்ல. 1851-இல் காப்புரிமை பெற்றுத் தொடங்கிய சிங்கர் நிறுவனம், 1856-லேயே தவணை முறையில் மெஷின் விற்கத் தொடங்கிவிட்டது. முழு விலையையும் ஒரே நாளில் எண்ணி வைக்க முடியாத குடும்பங்களுக்குள் தையல் மெஷின் நுழைந்தது அந்த வழியாகத்தான். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1880களில் எழுந்த அதன் ஆலை, முதல் உலகப் போருக்கு முன்பு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்களைச் செய்தது. 99கே என்பதிலுள்ள “கே” என்ற எழுத்து அந்த ஆலையைக் குறிப்பதுதான். ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர். அங்கே செய்த மெஷின்கள் உலகெங்கும் போயின, வார்ப்பிரும்பு என்பதால் எளிதில் அழியவுமில்லை. ஆகவே இன்று கைநழுவிப் போனது அடுத்த மாதம் வேறொரு வீட்டின் பரணிலிருந்து இறங்கும். இதை உண்மையாக நம்பத் தொடங்கிய பிறகுதான் என்னால் நிதானமாகத் தேட முடிந்தது. “இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்” என்ற செய்தி வந்தால் மனப்பூர்வமாக வாழ்த்திவிட்டு அடுத்ததைப் பார்க்கப் பழகினேன்.

வயதைப் பற்றியும் சந்தையில் தவறான செய்திகள் உலவுகின்றன. 1951-ஐ ஒட்டிச் செய்த பல மெஷின்களில், நிறுவனத்தின் நூற்றாண்டைக் குறிக்க 1851-1951 என்று பொறித்த வில்லை பதிக்கப்பட்டது. அதிலுள்ள முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு, “1851-இல் செய்த மெஷின்” என்று விலையை ஏற்றி வைத்திருந்த விளம்பரங்கள் இரண்டை நானே பார்த்தேன். விற்பவர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். வில்லையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது. ஆண்டை அறிய வில்லையை நம்ப வேண்டியதில்லை. மெஷினின் அடித்தளத்தில் வலப்பக்கம் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணே போதும். 1900-க்கு முற்பட்ட எண்களில் எழுத்தே இல்லை. அதற்குப் பிறகு ஓர் எழுத்து. கிளைட்பேங்க் ஆலையின் மெஷின்களில் 1935 முதல் இரண்டு எழுத்துகள். எந்த எழுத்து எந்த ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலைத் தையல் மெஷின் சேகரிப்பாளர்கள் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதி எண்கள் ஒதுக்கப்பட்ட நாளே தவிர மெஷின் ஆலையைவிட்டு வெளியேறிய நாள் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், சில மாத வேறுபாட்டுக்குள் வயது தெரிந்துவிடும். என்னுடையது ‘ஈ’ (E) என்று தொடங்கும் இரட்டை எழுத்து எண், 1950களின் நடுப்பகுதி.

படங்களை எப்படிப் பார்ப்பது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மூன்று மாதங்கள் பிடித்தன. தொடக்கத்தில் பளபளப்பைப் பார்த்தேன். பிறகு தேய்மானத்தைப் பார்க்கத் தொடங்கினேன். தையல்காரரின் கையும் துணியும் உரசிச் செல்லும் முன்விளிம்பில் பொன்னிற வேலைப்பாடு மங்கி, மற்ற இடங்களில் தெளிவாக இருந்தால், அந்த மெஷின் பல ஆண்டுகள் ஒழுங்காகத் தைத்திருக்கிறது என்று பொருள்; தைக்காத மெஷினை யாரும் அந்த அளவுக்குத் தேய்க்க மாட்டார்கள். மாறாக, உடல் புத்தம்புதிதாக மின்ன, ஊசிக்கம்பியிலும் அழுத்துபாதத்தின் தண்டிலும் துரு பிடித்திருந்தால் அது எனக்கு அச்சம் தந்தது. அழகான பகுதியை மட்டும் யாரோ துடைத்திருக்கிறார்கள். அடுத்து நழுவுத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பேன். சிறு தகடுதான் என்றாலும் தனியே வாங்கினால் விலை அதிகம், பழைய மெஷின்களில் முதலில் தொலைவதும் அதுவே. பிறகு கைப்பிடியின் பல்சக்கர உறை, அதன் மரப்பிடி, பாபின் சுற்றும் உறுப்பு. மோட்டார் பொருத்திய மெஷின்களை நான் முற்றாக ஒதுக்கினேன். அவற்றின் பழைய மின்கம்பிகளின் மேலுறை பல வேளைகளில் நொறுங்கி உதிரும் நிலையில் இருக்கும். தெரிந்த ஒருவர் கம்பிகளை மாற்றித் தராமல் அவற்றை மின் இணைப்பில் செருகவே கூடாது.

தேடும் சொல்லிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாடலின் பெயரைச் சரியாக எழுதி விற்பவருக்கு அதன் மதிப்பும் தெரிந்திருக்கும். அவர் விலையில் விட்டுக்கொடுக்க இடம் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. பெயரே தெரியாமல் “பழைய தையல் மெஷின்”, “மரப்பெட்டியுடன் மெஷின்”, “பாட்டி வைத்திருந்தது” என்று எழுதப்படும் விளம்பரங்களில்தான் பொறுமைக்குப் பலன் இருந்தது. இவற்றில் பெரும்பாலானவை பயனற்றவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தினமும் காலையில் பத்து நிமிடங்கள் என்று வரையறுத்துக்கொண்டேன். அதற்குமேல் தேடினால் கண் சோர்ந்து, சுமாரானதும் நல்லதாகத் தெரியத் தொடங்குகிறது.

என் மெஷினின் விளம்பரத்தில் இருந்தது ஒரே ஒரு படம்: மூடிய வளைமரப் பெட்டி. “உள்ளே தையல் மெஷின் இருக்கிறது. சக்கரம் ஓடுகிறது, ஆனால் தைக்கவில்லை. சாவி தொலைந்ததால் இப்போது திறக்க முடியவில்லை” என்று எழுதியிருந்தார். ஆறு வாரங்களாக யாரும் எடுக்காமல் இருந்து, விலை இரண்டு முறை இறங்கியிருந்தது. நான் கேட்டு எழுதியபோது, அம்மாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பதாகவும், மெஷினைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்றும் வெளிப்படையாகப் பதில் சொன்னார். “தைக்கவில்லை என்று எப்படித் தெரிந்தது?” என்று கேட்டேன். பெட்டி பூட்டிப்போவதற்கு முன்பு புது ஊசி வாங்கிப் போட்டுப் பார்த்ததாகவும், நூல் பிடிக்கவே இல்லை என்றும் சொன்னார். அந்தப் பதிலைப் படித்ததும் என் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டது. தட்டைப் பக்கம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். தவறான திசையில் மாட்டிய ஊசியின் நூலைக் கீழேயுள்ள கொக்கி பிடிக்கவே பிடிக்காது. பழுது என்று விற்கப்படும் மெஷின்களில் பலவற்றின் முழு நோயும் இதுவாகத்தான் இருக்கும். சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைக் கழற்றிவிட்டு உள்ளிருக்கும் சிறு வளையத் தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டாலும் இதே கதைதான்; சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது.

நேரில் சென்றேன். இந்தப் பெட்டிகளின் பூட்டு எளியது. முனையில் சிறு பள்ளம் அராவிய ஒரு பழைய ஸ்குரூடிரைவரைக் கொண்டுபோயிருந்தேன், திறந்துகொண்டது. உள்ளே 99கே. நழுவுத் தகடு இருந்தது. பின்தையல் நெம்புகோலும் இருந்தது. நினைத்ததுபோலவே ஊசி திரும்பியிருந்தது. அங்கேயே அதைச் சரியாக மாட்டி, அவர் கொடுத்த ஒரு துண்டுத் துணியில் நான்கு விரற்கடை தைத்துக் காட்டிவிட்டு, “மெஷின் நன்றாக இருக்கிறது, இந்த விலைக்கு மேலேயே கேட்கலாம், யோசித்துச் சொல்லுங்கள்” என்றேன். பேரம் பேசச் சென்ற இடத்தில் இப்படியும் சொல்வார்களா என்று கேட்கலாம். ஓடாத பொருள் என்று நம்பி ஒருவர் குறைத்து வைத்த விலையில், ஓடும் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு எடுத்துவர எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் சிறிது நேரம் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தைக்கிறவர் கைக்குப் போனால் போதும் என்று சொல்லி அதே விலைக்குக் கொடுத்தார். புதிய மின் மெஷின்களில் மிகச் சாதாரணமான ஒன்றுக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் பாதியைக்கூட அது எட்டவில்லை.

பேரத்தைப் பற்றி இதையொட்டி ஒன்று. பொருளைத் தாழ்த்திப் பேசி விலையைக் குறைப்பதை நான் செய்வதில்லை. பல சமயங்களில் அது இன்னொருவரின் அம்மாவோ பாட்டியோ கையாண்ட பொருள். அதைக் குப்பை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போவது சரியில்லை. இல்லாத உறுப்பைச் சுட்டிக்காட்டி, அதை வாங்க எனக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குச் சொல்லி, அந்த அளவுக்குக் குறைக்க முடியுமா என்று கேட்பேன். முடியாது என்றால் அதோடு விட்டுவிடுவேன். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அவர்களே கூப்பிட்ட அனுபவமும் உண்டு.

இனி மெஷின். வீட்டுக்கு வந்ததும் தைக்க உட்காரக் கூடாது. இரண்டு மாலைகள் சுத்தம் செய்ய வேண்டும். பழைய எண்ணெய் காலப்போக்கில் தேன் நிறத்தில் இறுகிப் பிசினாகிவிடும். அதை இளக்க, எண்ணெய்த் துளைகளிலும் அசையும் இணைப்புகளிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றி, வழியும் பழுப்பைத் துடைத்து, பிறகு தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெயை மேலுடலில் படவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே இருப்பது அரக்குப் பூச்சு; அதில் சாராயம் கலந்த எந்தத் திரவமும் படவே கூடாது, பூச்சு கரைந்து அடியிலுள்ள பொன் வேலைப்பாடும் துணியோடு வந்துவிடும். மேலுடலைத் துடைக்க மெஷின் எண்ணெயே போதும். சமையல் எண்ணெயை எந்த இடத்திலும் விடாதீர்கள். அது இன்னும் சீக்கிரம் பிசினாகும்.

ஊசித் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே பஞ்சு கம்பளித் துண்டுபோல அழுந்தியிருந்தது. ஊக்கு முனையால் கிளறி எடுக்க எடுக்க, நீல நூல் துணுக்குகள், பிறகு வெள்ளை, அதற்கும் அடியில் மீண்டும் நீலம் என்று அடுக்கடுக்காக வந்தன. அந்த அம்மா எந்த வரிசையில் எதைத் தைத்தார் என்பது அதில் அப்படியே இருந்தது. கொக்கி சுழலும் பாதையில், எண்ணெயைத் தேக்கி வைத்து மெல்லக் கசியவிடும் ஒரு சிறு சிவப்புக் கம்பளித் துண்டு இந்த மாடலில் உண்டு. பஞ்சென்று நினைத்துப் பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். என்னுடையதில் கறுத்துக் கெட்டிப்பட்டுப்போயிருந்தாலும் இடத்தில் இருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது.

வாங்கிய பொருள்களென்று பார்த்தால் ஊசிப் பொட்டலம், ஆறு பாபின்கள், பாபின் சுற்றியின் ரப்பர் வளையம், ஒரு புட்டி எண்ணெய், அவ்வளவுதான். ரப்பர் எந்தப் பழைய மெஷினிலும் உயிரோடு இருக்காது, அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூல் கோக்கும் வழியை அதைப் பார்த்தே செய்ய வேண்டும்.

தையலின் தரம்தான் என்னை வியக்க வைத்தது. இரண்டு அடுக்குப் பருத்தித் துணியில், மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் மேல் எந்தப் பக்கம் கீழ் என்று சொல்ல முடியாதபடி விழுகிறது. அங்குலத்துக்கு 6 தையலிலிருந்து 30 வரை வைத்துக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் 10-இலும் 12-இலும் ஓட்டுகிறேன். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று தையல் விழும். இதன் அருமை மூலை திருப்பும்போது தெரியும். கால்வாசிச் சுற்றுக்கும் குறைவாக அசைத்து, ஊசி மூலைப் புள்ளியில் சரியாக இறங்கும் இடத்தில் நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பலாம். மின் மெஷினில் எனக்கு ஒருபோதும் கைகூடாத சட்டைக் காலர் முனை, இதில் முதல் தடவையே கூராக வந்தது.

ஜீன்ஸ் கால் மடிப்பில் பக்கத் தையல் குறுக்கிடும் இடம் தெரியுமல்லவா, ஆறு ஏழு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடு தட்டி நிற்குமே, அந்த இடத்தில் 16 எண் ஊசியைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு தையலாக இறக்கினால் முனகாமல் தாண்டிவிடுகிறது. கையில் ஒரு கனம் தட்டுப்படும், அவ்வளவே. ஊசி துணியைத் துளைக்கிறதா, வளைகிறதா என்பது கைப்பிடி வழியாகவே தெரிந்துவிடுவதால், இந்த இரண்டு ஆண்டுகளில் நான் உடைத்த ஊசி ஒன்றே ஒன்று. சாக்குப் பை, திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிப் பையின் அறுந்த வார் என்று எல்லாம் தைத்தாகிவிட்டது. சத்தமும் மெல்லியது, நன்றாக எண்ணெய் விட்டிருக்கும் நாளில் கடிகாரத்தின் டிக் ஒலியைவிடச் சற்றே கனமான ஓர் ஓசை. இரவில் அடுத்த அறையில் உறங்குபவர் எழுந்துகொள்வதில்லை.

குறைகளும் உண்டு, வாங்குபவர் இவற்றை முன்பே அறிந்திருக்க வேண்டும். இது நேர்தையல் மெஷின். வளைந்து வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையல் கிடையாது, ஆகவே வெட்டிய ஓரம் பிரியாமலிருக்க மடித்துத் தைக்கவோ பட்டி கொடுக்கவோ வேண்டும். பனியன் துணிபோல இழுபடும் துணிகளுக்கு இது ஏற்றதன்று. இழுத்தவுடன் தையல் அறுந்துவிடும். வலக்கை சக்கரத்தில் இருப்பதால் துணியை நடத்த இடக்கை ஒன்றுதான் மிச்சம். வழுக்கும் பட்டுத் துணியில் முதல் இரண்டு மாதங்கள் நான் தடுமாறினேன், நிறைய குண்டூசி குத்தி வைத்தால் சமாளிக்கலாம். நீளமான திரைச்சீலை தைக்கும் நாளில் தோள் வலிக்கும். பெட்டியோடு சேர்த்துப் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால், எடுத்து வைத்துத் தைத்துவிட்டுத் திரும்ப அலமாரியில் ஏற்றுவோம் என்று எண்ணி வாங்காதீர்கள். அதற்கென ஒரு மேசை வேண்டும். பெட்டியை மேல் பிடியை மட்டும் நம்பித் தூக்குவதும் கூடாது. பழைய பூட்டு விட்டுவிட்டால் மூடி கையிலும் மெஷின் காலிலும் இருக்கும்.

நாள்தோறும் பல மணி நேரம் தைத்துப் பிழைப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குக் கால் மெஷினோ நல்ல மின் மெஷினோதான் பொருந்தும். வாரத்தில் சில மணி நேரம் தைப்பவர், தையல் புதிதாகக் கற்பவர், வேகத்தைக் கண்டு அஞ்சும் சிறுவர் சிறுமியர் ஆகியோருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அண்டை வீட்டுப் பத்து வயதுச் சிறுமி இதில் ஒரே பிற்பகலில் ஒரு சிறு பை தைத்து முடித்தாள். விரல் ஊசிக்கு அருகே போனாலும், சக்கரம் அவள் கையில்தானே இருக்கிறது.

இப்போது வேறொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மிக மெல்லிய மடிப்பைத் தானே சுருட்டிக்கொண்டு தைக்கும் சுருள்மடிப்புப் பாதம் ஒன்று இந்த மாடலுக்கு உண்டு. இதன் அழுத்துபாதத் தண்டு இன்றைய குட்டைத் தண்டு மெஷின்களோடு ஒத்துப்போவதால் புதிய பாதமும் பொருந்தும். அப்படி ஒன்றை வாங்கிப் பார்த்தேன், தைக்கிறது. ஆனாலும் பழைய பாதத்தின் சுருள் வாயில் துணி வழுக்கிக்கொண்டு நுழையும் அழகு அதில் இல்லை. பழைய துணைக்கருவிகள் கொண்ட பச்சைப் பெட்டி ஒன்று பத்து நாள்களுக்கு முன்பு விளம்பரத்துக்கு வந்தது. படத்தில் மூடி பாதிதான் திறந்திருக்கிறது. உள்ளே சுருள்மடிப்புப் பாதம் இருக்கிறதா, அதன் முனை வளையாமல் இருக்கிறதா, முழுதும் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்ப இயலுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது.